பிறந்த வீடு கைமாறும் முன்: ஒரு வீட்டின் நினைவைப் பதிந்து வைக்கும் முறை

வீட்டை விற்றுவிடலாம் என்று அண்ணன் தம்பிகள் பேச ஆரம்பித்திருக்கலாம். அல்லது கூரை ஒழுகுகிறது, இனி இடித்துக் கட்டினால்தான் உண்டு என்று கொத்தனார் கையை விரித்திருக்கலாம். அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டை விற்காமல் காப்பாற்றுவது எப்படி என்று இதில் சொல்லப் போவதில்லை. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்க, பூட்டிக் கிடக்கிற வீட்டில் கரையான் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, குடியிருக்க வருகிற ஒருவருக்கு அதைக் கொடுப்பது நல்லது என்பதே என் எண்ணம்.

ஆனால் விற்ற பிறகும் அந்த வீடு கனவில் வரும். அடுக்களையில் ஜன்னல் கிழக்கே இருந்ததா தெற்கே இருந்ததா என்று நடுராத்திரியில் மனசு கிடந்து அலையும். அதைக் கேட்க ஆளும் இருக்காது, போய்ப் பார்க்க வீடும் இருக்காது. அதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: வீட்டையும் அதில் வாழ்ந்தவர்களின் நினைவுகளையும் வரைந்தும் கேட்டும் அளந்தும் பதிந்து வைப்பது.

நான் வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கம், சேரன்மகாதேவிக்கு மேற்கே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஓர் ஊரில். இப்போது இருப்பது பாளையங்கோட்டை. முதலில் எங்கள் வீட்டுக்கும், பிறகு மதினியின் பிறந்த வீட்டுக்கும், தெரிந்தவர்கள் சிலரின் வீடுகளுக்கும் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். அதில் கைகொடுத்த முறையைச் சொல்கிறேன்.

விலைப் பேச்சுக்கு முன்னால்

எல்லாவற்றுக்கும் முதல் விதி இதுதான். சென்டுக்கு இவ்வளவு என்று யாராவது ஒரு தொகையைச் சொல்லிவிட்டால், அதன் பிறகு ஒரே பந்தியில் உட்காரக்கூட யோசிப்பார்கள். பட்டாசலில் (கூடத்தில்) தாத்தா எங்கே படுத்திருந்தார் என்ற பேச்சு அந்த நேரத்தில் எடுபடாது. புரோக்கர் வருவதற்குள் முடித்துவிடுங்கள்.

ஊரோடு ஒட்டிய நாளாகப் பார்த்துக் குறியுங்கள். நம் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு எப்படியும் வந்துவிடுவார்கள். கோயில் கொடை என்றாலும் வருவார்கள். பொங்கல், தீபாவளிக்கு அவரவர் வீட்டு வேலை இருக்கும். சாஸ்தாவுக்குப் பொங்கலிட வருகிறவர்களுக்கு மறுநாள் காலை சும்மாதான் இருக்கும். அந்தக் காலைதான் உங்களுக்கு வேண்டியது.

முதலில் காகிதம், அப்புறம் வீடு

வீட்டுக்குள் போவதற்கு முன் ஆளுக்கொரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்து, வீட்டை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். ஒருவர் தாளை இன்னொருவர் பார்க்கக் கூடாது. அழகாக வர வேண்டியதில்லை. கட்டம் போட்டு, எந்த இடத்தில் எது இருந்தது என்று எழுதினால் போதும். வீட்டைப் பார்த்துவிட்டு வரைந்தால் இன்றைக்கு இருக்கிற வீடுதான் கையில் வரும். புதிதாகப் பார்த்தது பழைய நினைவோடு கலந்துவிடும். அப்புறம் அதைப் பிரித்தெடுக்க முடியாது. அதனால்தான் இந்த வரிசை.

எங்கள் வீட்டில் இதைச் செய்தபோது கிடைத்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணனும் தம்பியும் வரைந்த படத்தில் திண்ணையும் அதை அடுத்த தார்சாவும் பட்டாசலும் தாளில் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டன. திண்ணைத் தூணுக்கு எத்தனை பட்டை என்பது வரை தம்பி குறித்திருந்தான். அடுக்களை ஓர் ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்குக் கிடந்தது. அக்காளும் அத்தையும் வரைந்த தாளிலோ திண்ணை ஒரு கோடுதான். இரண்டாங்கட்டு, அரங்கு (சாமான் அறை), அடுக்களை, அங்கணம் (பாத்திரம் கழுவுகிற இடம்), புறவாசல், தொழு (மாட்டுக் கொட்டில்) என்று பின்பக்கம் முழுக்க விரிந்து கிடந்தது. அம்மி கிடந்த திசை, முறுக்குப் பானை இருந்த மூலை, கிணற்றடியில் வழுக்குகிற கல் எல்லாம் அதில் இருந்தன. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தான். மதினி வீட்டில் செய்தபோதும் இப்படியேதான் வந்தது.

ஆகவே ஒருவர் வரைந்ததை மட்டும் வைத்துக்கொண்டு இதுதான் எங்கள் வீடு என்று முடிவு கட்டாதீர்கள். எல்லாத் தாள்களையும் பத்திரப்படுத்துங்கள். தாளின் மூலையில் வரைந்தவர் பெயரும் அவர் அந்த வீட்டில் இருந்த காலமும் இருக்கட்டும். ஒன்றோடொன்று முரண்பட்டால் திருத்த வேண்டாம், அப்படியே வையுங்கள்.

யாரைக் கூப்பிடுவது

கையெழுத்துப் போட வேண்டியவர்களைத்தான் நாம் வழக்கமாகக் கூப்பிடுவோம். சொத்தில் பெண்மக்களுக்கும் பங்கு உண்டு என்று 1989-இல் தமிழ்நாட்டிலும் 2005-இல் நாடு முழுவதும் சட்டம் மாறிய பிறகு அவர்களையும் கூப்பிடுகிறார்கள், அது நல்லது. ஆனாலும் அத்தைமார் பலர் அதற்கு முன்பே கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். 'எனக்கு ஒன்னும் வேண்டாம், நீங்க நல்லா இருந்தாப் போதும்' என்று என்றைக்கோ விட்டுக்கொடுத்தவர்கள். அவர்களிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

அவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். பதினெட்டு, இருபது வயதில் தாலி ஏறியதும் அந்த வீட்டுக்கு விருந்தாளியாகிப் போனவர்கள் அவர்கள். தலைப்பிரசவத்துக்கு வந்தார்கள், தாய் தகப்பன் இருக்கிற வரை ஆடிக்கும் தீபாவளிக்கும் வந்தார்கள். அதற்கப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து புறவாசல் கதவைத் தள்ளித் திறக்கிற உரிமை போய்விட்டது. வீட்டில் பங்கு குறைந்தவர்கள் மனசில்தான் அந்த வீடு கெட்டியாக இருக்கிறது என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். பெரியவனாகி, பட்டாசலில் டைல்ஸ் ஒட்டி, அடுக்களையை இடித்து பாத்ரூம் கட்டியவனுக்குப் பழைய வீடு எப்போதோ அழிந்துபோயிருக்கும். இருபது வயதில் வெளியேறியவளுக்கு அது அன்றைக்கு இருந்தபடியே இருக்கும்.

பக்கத்து வீட்டு ஆச்சி, வயல் வேலைக்கு வந்த குடும்பம், மாடு கறந்த அண்ணாச்சி, வாசல் தெளித்த அக்கா என்று மற்றவர்களையும் தேடிப் போங்கள். வயல் வேலைக்கு வந்தவர்களைப் புறவாசலோடு நிறுத்திய வீடுகள் நம் பக்கம் ஏராளம். அவர்கள் சொல்கிற வீடு வேறாக இருக்கும். கேட்கச் சங்கடமாக இருந்தாலும் அதுவும் பதிவாகட்டும்.

நின்ற இடத்தில் கேளுங்கள்

'அந்தக் காலத்தைப் பத்திச் சொல்லுங்க' என்று நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேட்டால் ஒன்றும் வராது. எங்கள் பெரியத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. மகன் வீட்டு ஹாலில் வைத்து நான் கேட்டபோது, 'என்னத்தட்டி சொல்ல, எல்லாரும் நல்லாத்தான் இருந்தோம்' என்றார். அதோடு சரி.

ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் அடுக்களையில் நிறுத்தினோம். அடுப்பு இருந்த இடத்தில் இப்போது கடப்பாக்கல் போட்டு கேஸ் வைத்திருந்தது. அத்தை அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றதும் வலது கை தானாக மேலே எழுந்து சுவரைத் தடவியது. 'எண்ணெத் தூக்கு தொங்குன ஆணியக் காணுமே' என்றார். ஆணி இல்லை, அது இருந்த ஓட்டையைச் சுற்றி எண்ணெய்க் கறை மட்டும் காசு அளவுக்குக் கருத்திருந்தது. அப்புறம் பேச்சை நிறுத்தவே இல்லை. பிசானம் என்கிற நெல் பருவத்து அறுப்புக்கு எத்தனை படி உலை வைப்பார்கள், சாரல் மழை பிடித்தால் விறகை எங்கே காய வைப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், வாசலைப் பார்த்துத் திரும்பினார். 'எங்கம்மா உக்காந்து சாப்பிட்டு நான் பாத்ததே இல்லட்டி. இந்தா, இந்த நெலையில சாஞ்சிக்கிட்டு நின்னமேனிக்கே ரெண்டு வாய் போட்டுக்கிடுவா.' பார்த்தால், இரண்டாங்கட்டுக்கும் அடுக்களைக்கும் நடுவே உள்ள அந்த நிலையின் இடப்பக்கத்தில், தோள் படுகிற உயரத்தில், மரம் ஒரு சாண் நீளத்துக்குக் கருத்து வழவழவென்று இருந்தது. அந்த வழியாகவே ஓடியாடி வளர்ந்த நான் அதுவரை அதைக் கவனித்ததில்லை.

கை கால் அசைவோடும் இடத்தோடும் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆளை இடத்தில் நிறுத்தினால் அது வெளியே வரும். ஒவ்வொரு அறையாக நடத்திக் கூட்டிப் போங்கள். சின்னக் கேள்வியாகக் கேளுங்கள்: இங்கே யார் படுப்பார்கள்? தலை எந்தப் பக்கம்? காய்ச்சல் வந்தால் எங்கே படுக்க வைப்பார்கள்? வீட்டுக்குத் தூரமானால் எங்கே இருந்தீர்கள்? கோபம் வந்தால் யார் எங்கே போய் உட்காருவார்கள்? சாவி எங்கே இருக்கும்? பிணம் எந்தப் பக்கம் கிடத்தினார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியைத் தவிர்க்க நினைப்பீர்கள். தவிர்க்காதீர்கள், பெரியவர்கள் அதைச் சொல்லத் தயங்குவதே இல்லை.

வருஷம் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. தெரிந்த சம்பவத்தோடு கட்டிக் கேளுங்கள். தனுஷ்கோடி புயலுக்கு முன்னாலா பின்னாலா என்றால் 1964 டிசம்பர் கிடைத்துவிடும். காமராஜர் இறந்தது 1975 அக்டோபர், எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர். ஆற்றங்கரை ஊர்க்காரர்களிடம் 1992 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது, 2023 டிசம்பரில் எதுவரை ஏறியது என்று கேட்டால் சுவரிலேயே கை வைத்துக் காட்டுவார்கள். அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுப் படம் எடுங்கள்.

பதிவுக்கு ஃபோனே போதும். ஏரோபிளேன் மோடில் போட்டு, ஃபேனை நிறுத்தி, மடித்த துண்டின் மேல் ஃபோனை வையுங்கள். ஆரம்பத்தில் தேதி, ஊர், எந்த அறை, யார் பேசுகிறார் என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அறைக்கு ஒரு கோப்பு என்று பிரித்தால் பிற்பாடு தேடுவது சுலபம். அழுதால் அழட்டும். உடனே தண்ணீர் கொண்டு ஓடி, 'விடுங்க அத்தே, விடுங்க அத்தே' என்று பேச்சை மாற்றுவது நம் வழக்கம். அது வேண்டாம். பக்கத்தில் சும்மா உட்காருங்கள். பெரும்பாலும் அதற்கப்புறம்தான் சொல்ல நினைத்ததைச் சொல்வார்கள்.

அரங்கு

இதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். நெல், புளி, கருப்பட்டி, நல்லெண்ணெய், பித்தளைப் பாத்திரம் என்று எல்லாவற்றையும் அடைத்து வைத்த, ஜன்னல் இல்லாத அறை அது. வீட்டில் எங்கே வெள்ளையடித்தாலும் அரங்கை விட்டுவிடுவார்கள். அதனால் பழைய வீடு அங்கேதான் மிச்சம் இருக்கும். கதவைத் திறந்ததும் உள்ளே போய்ச் சாமானை உருட்டாமல், ஆட்களை ஒருவர் பின் ஒருவராக உள்ளே அனுப்பிக் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லுங்கள். மூக்கிலிருந்து போகிற சேதி மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேராகப் போய்த் தொடுகிறது. வாசனை மறந்துபோனதைக் கிளறுவது அதனால்தான். வெளியே வந்ததும் என்ன நினைவு வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாசனையை எடுத்து வைக்க முடியாது, ஆனால் எந்தெந்தப் பொருள் எந்தப் பானையில், எந்த மாதம் நிரம்பி எந்த மாதம் காலியாகும் என்ற கணக்கை எழுதி வைக்கலாம். பிசானத்தில் நிறைந்த குலுக்கை (நெல் போட்டு வைக்கிற மண் குதிர்) அடுத்த பருவமான கார் அறுப்புக்குள் அடிமட்டத்துக்கு வந்துவிடும் என்று அம்மா சொல்வாள். அந்த இடைப்பட்ட மாதங்களில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் வீட்டின் நிஜமான கதை அங்கே இருக்கும்.

அலமாரிக் கதவின் உள்பக்கத்தையும் பாருங்கள். பால் கணக்கு, பிறந்த நேரம், கடன் கொடுத்த தொகை எல்லாம் அங்கே கரியாலும் பென்சிலாலும் எழுதியிருப்பார்கள்.

அளவும் படமும்

நீளமான டேப், இரண்டு ஆள், கட்டம் போட்ட தாள். ஒரு கட்டம் ஓர் அடி. ஒவ்வொரு அறைக்கும் நீளம், அகலம், உயரத்தோடு மூலைக்கு மூலையும் அளந்துகொள்ளுங்கள். பழைய வீடுகள் நேர்ச் சதுரமாக இருக்காது. சுவர்க் கனத்தை வாசல் நிலையில் வைத்து அளக்கலாம்.

படம் எடுக்கும்போது நாலு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று எடுங்கள். அதோடு கேமராவை இடுப்புக்குக் கீழே, மூன்றடி உயரத்தில் பிடித்தும் ஒரு சுற்று எடுங்கள். வீடு சின்னதாகிவிட்டதே என்று எல்லாரும் திகைக்கிறார்களே, அது நம் கண் மேலே ஏறிவிட்டதால். நாம் அந்த வீட்டை மனசில் வாங்கியது ஐந்து வயது உயரத்திலிருந்து. அந்த உயரத்துப் படத்தைப் பார்த்ததும் தம்பி 'இதுதான் நம்ம வீடு' என்றான்.

வீடியோ ஒன்று போதும்: பள்ளிக்கூடம் விட்டு வருகிறபடி தெருவிலிருந்து புறவாசல் வரை பேசாமல் நடந்து எடுங்கள். தாழ்ப்பாள், கிணற்று உருளை, ஊஞ்சல் சங்கிலி, இவற்றின் சத்தம் தனித்தனியாக இருக்கட்டும். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். முக்கியமான படங்களைப் பிரின்ட் போட்டு, பின்னால் பென்சிலால் பெயர் எழுதுங்கள்.

பத்திரத்துக்குள் இருக்கும் தெரு

பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தை வக்கீலிடம் கொடுப்பதற்கு முன் முழுக்கப் படியுங்கள். அதில் வீட்டுக்கு நாலெல்லை சொல்லியிருக்கும்: இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் மனைக்குத் தெற்கு என்று. அந்த இன்னார்கள்தான் அன்றைய உங்கள் தெரு. சில பத்திரங்களில் கிணற்றில் தண்ணீர் எடுக்கிற பாத்தியம், நடைபாதைப் பாத்தியம், எந்தச் சுவர் பொதுச்சுவர் என்பதெல்லாம் இருக்கும். அண்ணன் தம்பி சண்டையின் தடமும் அதில் தெரியும்.

நம் பக்கத்துப் பழைய பத்திரங்களிலும் ஜாதகங்களிலும் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) இருக்கும். ஆவணியில்தான் அந்த ஆண்டு பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் கடைசி வரை என்றால் 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய என்றால் 825-ஐயும் கூட்டுங்கள். கொல்லம் 1100 ஐப்பசி என்றால் 1924. அதே 1100 சித்திரை என்றால் 1925. அளவு தச்சு முழத்தில் இருந்தால், இன்னும் நிற்கிற ஒரு சுவரை அடியில் அளந்து, பத்திரத்தில் உள்ள எண்ணால் வகுத்தால் அந்த ஊர்க் கணக்குக்கு ஒரு முழம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். தூத்துக்குடி 1986-இலும் தென்காசி 2019-இலும் தனி மாவட்டமாயின. அதனால் கோவில்பட்டி, சங்கரன்கோவில் வீட்டுப் பத்திரங்களிலும் திருநெல்வேலி ஜில்லா என்றே இருக்கும். வில்லங்கச் சான்று இணையத்தில் பொதுவாக 1975 முதல் கிடைக்கிறது. அதற்கு முந்தையதற்குப் பதிவு அலுவலகத்தில் மனுப் போட வேண்டும்.

எதை எடுத்து வைப்பது

இடிக்கிற காண்டிராக்ட்காரர்கள் பழைய மரத்தையும் செங்கலையும் தாங்களே எடுத்துக்கொள்வதாகத்தான் பேசுவார்கள். உங்களுக்கு வேண்டியதை அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே பட்டியல் போட்டு, ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு இதில் நிற்காது. வீட்டை நிற்கிறபடியே விற்பதாக இருந்தாலும் இதே கதைதான்.

ஆனால் பட்டியலை, பெரியவர்களைக் கேட்டு முடித்த பிறகு போடுங்கள். கேட்பதற்கு முன்னால் போட்டால் எல்லாரும் தலைவாசல் கதவையும் தேக்குத் தூணையும்தான் எழுதுவார்கள். நாங்கள் தலைவாசலை விட்டுவிட்டு அடுக்களை நிலையின் அந்த இடப்பக்கத்து மரத்தை வாங்கிக்கொண்டோம். தச்சரிடம் இழைக்க வேண்டாம், வார்னிஷ் அடிக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

கூரையில் மங்களூர் ஓடு இருந்தால் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். செய்த கம்பெனியின் பெயரும் ஊரும் அச்சில் பதிந்திருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். பிற்பாடு பல கம்பெனிகள் வந்தன. ஓட்டின் பெயர் வீட்டின் வயதை ஊகிக்க உதவும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஓடு கொடுக்கலாம், அதற்கு யாரும் சண்டை போட மாட்டார்கள். புறவாசல் முருங்கையில் மூன்று, நாலடிப் போத்து ஒன்றை வெட்டி நட்டால் தளிர்த்துவிடும். கறிவேப்பிலைக்கு வேர்க்கன்று பார்த்து எடுங்கள். குலுக்கை, ஆட்டுரல் போன்றவற்றை வைக்க இடமில்லாமல் எடுத்துப் போய் மொட்டை மாடியில் போடாதீர்கள். பயன்படுத்துகிற வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

வாங்குகிறவருக்கு ஒரு தாள்

பத்திரப் பதிவு அன்று சாவியோடு கொடுக்க ஒரு தாள் எழுதுங்கள். கிணறு எத்தனை அடி, எந்த மாதம் வற்றும், எந்த மழைக்கு ஊறும். பழைய அங்கணத் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும். அதை அடைத்தால் எந்தச் சுவர் ஓதம் ஏறும். வெள்ளம் எதுவரை வந்தது. எந்த உத்தரத்தில் கரையான் ஏறி மாற்றினோம். மச்சுக்குப் போகிற படியில் எந்தப் படி ஆடும். தென்மேற்குச் சாரலில் எந்த ஜன்னலைச் சாத்த வேண்டும். புறவாசல் மூலையில் விளக்கு வைத்துக் கும்பிடுகிற இடம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்; அவர்கள் எந்த மதத்தவராக இருந்தாலும் தெரிந்திருப்பது நல்லது.

கீழே உங்கள் ஃபோன் நம்பரை எழுதி, இடிப்பதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே சொல்லும்படி கேளுங்கள். எங்கள் வீட்டை வாங்கியவர் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மீட்டர் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். போன மழைக்கு ஃபோன் செய்து, அங்கணத் தண்ணீர் போகிற குழாய் எந்தக் கல்லுக்கு அடியில் போகிறது என்று கேட்டார். பெரியத்தையிடம் ஃபோனைக் கொடுத்தேன்.